வெந்நீர் ஆறும்வரை

என் கணவருக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் பூட்டுகள் பெருகின. முதலில் மருந்து அலமாரிக்கு ஒன்று. பிறகு பால்கனிக் கதவுக்கு. கடைசியில் வாசல் கிரில் கேட்டுக்கு.

அபிராமபுரத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். ஒருநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். தெருத்தெருவாகத் தேடி, மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தேன். பேண்டும் பனியனுமாக, சாப்பாட்டுப் பை என்று நினைத்துத் தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, கிண்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். கிண்டியில்தான் அவர் வேலை பார்த்தார். பம்புகளுக்கு வேண்டிய பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை. ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அன்று சாயங்காலமே கேட்டுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். பூட்டோடு வந்த சாவிகள் எல்லாம் ஒரே வளையத்தில் இருந்தன. ஒன்றைக் கழற்றிக் கீழ் வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன். அதற்குள் வேறு ஏதாவது வந்துவிடும்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முன்பு சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் குடியிருந்தவள். அங்கிருந்த எல்லோரையும் கண்ணகி நகருக்கு மாற்றிய பிறகு இரண்டு பஸ் மாறி வருவாள். நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஏழு வயசுப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின கதவின் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். இரவெல்லாம் அவர் தூங்கவிடவில்லை. அரைத்தூக்கத்தில் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள்தான் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவள், நான் போட்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். மெஷினுக்குள் எதுவோ கிளிங் கிளிங் என்று மோதியது. சட்டைப் பையில் காசு கிடக்கிறது என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

எழுந்தபோது மெஷின் நின்றிருந்தது. விட்டுவிட்டு ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சாவி எங்கம்மா? ஆணில காணமே."

ஆணியில் இல்லை. மேஜையில் இல்லை. தலையணைக்கு அடியில், சர்க்கரை டப்பாவில், செருப்புக்குள், அவர் வழக்கமாக ஒளித்துவைக்கும் எந்த இடத்திலும் இல்லை. அவர் ஹாலில் சோபாவில், வேறு வேட்டி கட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன்னா, சாவியை எடுத்தேளா?"

"எந்தச் சாவி?"

அப்போதுதான் அந்தக் கிளிங் சத்தம் நினைவுக்கு வந்தது. சமையலறையை ஒட்டிய சின்ன இடத்தில் மெஷின் இருந்தது. குனிந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாதிவரை கலங்கின தண்ணீர். அதில் அவருடைய பேண்ட், இரண்டு சட்டை, என் புடவை ஒன்று. பேண்டின் பையிலிருந்து பாதி வெளியே வந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, சாவி வளையம்.

கதவை இழுத்தேன். அசையவில்லை. மேலே சின்னத் திரையில் ஏதோ இரண்டு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். கொதித்தது. கிண்டியிலிருந்து கொண்டுவரும் எண்ணெய்க் கறைச் சட்டைகளை இவர் எப்போதும் நல்ல வெந்நீரில் போடுவார். குமிழை அந்த இடத்தில்தான் திருப்பி வைத்திருந்தார். மனைவியின் முகம் மறந்துபோகும் நாட்களிலும் அது மட்டும் மறக்கவில்லை.

"இன்னாம்மா இது? நான் எப்டி வூட்டுக்குப் போறது?" என்றாள் அவள்.

கீழ் வீட்டில் யாரும் இல்லை, கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பால்கனிக் கதவின் பூட்டைத் திறந்துகொண்டு போய் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் மாடியேறி வந்து, கிரில் கம்பிகளுக்கு நடுவே ஒரு சுத்தியலைக் கொடுத்தார். அவள் அதை வாங்கி ஓங்கிப் பூட்டில் ஒரு போடு போட்டாள்.

மாடிப்படி முழுவதும் அந்தச் சத்தம் எதிரொலித்தது. உள்ளேயிருந்து அதைவிடப் பெரிய சத்தம் வந்தது. என் கணவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினார். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் அலறல். ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் நெற்றியைச் சுவரில் இடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

"வேண்டாம்! நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினேன்.

அவள் சுத்தியலோடு அப்படியே நின்றாள். பூட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. நல்ல கனமான பூட்டாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். "பூட்டு ரிப்பேர் பண்றவன் யாராச்சும் கெடைக்கிறானா பாத்துட்டு வரேம்மா" என்று வாட்ச்மேன் இறங்கிப் போனார்.

என் கணவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நெற்றியைத் தடவிவிட்டேன். கொஞ்சம் அடங்கினார். பிறகு படுக்கையறைக்குப் போய், மெஷின் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். இதை அழுத்து, அதை அழுத்து என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். மெக்கானிக் நாளைக்கு மறுநாள்தான் வர முடியும் என்றாள். நிலைமையைச் சொன்னேன். அவள் குரல் மாறியது.

"அம்மா, முதல்ல கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. உள்ள தண்ணி இருக்கு, சூடா வேற இருக்குங்கறீங்க. அது ரெண்டும் இருக்கறவரைக்கும் கதவு திறக்காது. திறக்கவும் கூடாது, மேல கொட்டிடும். சுவத்துல சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்கிடுங்க. தண்ணி நல்லா ஆறட்டும். அப்புறம் கீழ ஃபில்டர் மூடி இருக்கு பாருங்க, அது வழியா கொஞ்சம் கொஞ்சமா வடிச்சிடுங்க. முழுசா வடிஞ்சும் திறக்கலேன்னா, அந்த மூடிக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன வளையம் தொங்கும். அதை மெதுவா கீழ இழுங்க."

"ஆற எவ்வளவு நேரம் ஆகும்?"

"கண்ணாடியைத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்கம்மா. சூடு போற வரைக்கும் அவசரப்படாதீங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சோபா காலியாக இருந்தது.

அவர் மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர். அவருடைய கருவிப் பெட்டியைப் போன வருஷமே யாருக்கோ கொடுத்துவிட்டேன். இதை மட்டும் எங்கே ஒளித்துவைத்திருந்தாரோ. கதவின் விளிம்பில் அதைச் செருகி நெம்பிக்கொண்டிருந்தார். உள்ளேயிருக்கும் ரப்பர் ஓரிடத்தில் கிழிந்து, வெந்நீர் நூலாக வழிந்து அவர் முழங்காலை நனைத்திருந்தது. சூடு உறைத்ததாகவே தெரியவில்லை. தரையெல்லாம் ஈரம். மெஷின் இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது.

எட்டி முதலில் சுவர் சுவிட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு அவர் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோன்னா. சூடு ஆறட்டும். அப்புறம் நானே திறக்கறேன்."

"எட்ட போ! யார் நீ, என் வேலையில கை வைக்கறதுக்கு?"

ஒரே தள்ளு. கிண்டியில் முப்பது வருஷம் இரும்பைப் பிடித்த கை. ஈரத்தில் கால் வழுக்கி, முழங்கை பாத்திரத் தொட்டியின் விளிம்பில் மோத, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் பூச்சி பறந்தது. அந்தப் பெண் ஓடிவந்து அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னா சாரு நீ! அவங்க உன் பொண்டாட்டி சாரு! இப்டியா தள்ளுவ?"

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் முகம் நிஜமான பதற்றத்தில் கோணியது. என் பக்கத்தில் வந்து குந்தி, வேட்டி நுனியால் ரத்தத்தை ஒற்றினார்.

"ஐயையோ! யாரு உங்களை அடிச்சா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை வருஷமும் அவருடைய வியாதியைப் பற்றி டாக்டர்கள் சொன்ன எதுவும் அந்த ஒரு கேள்வி சொன்னதைச் சொல்லவில்லை. அடித்தவர் மேல் கோபப்படலாம் என்றால், அடித்தவர் அங்கே இல்லை. ஆறுதல் சொல்கிறவரின் தோளில் சாயலாம் என்றால், அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை. தரையின் ஈரம் புடவையில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இனிமேல் இப்படித்தான், இன்னும் எத்தனையோ வருஷம் இப்படித்தான் என்று மட்டும் தோன்றியது.

அந்தப் பெண்தான் என்னைத் தூக்கிவிட்டாள். அவர் முழங்காலுக்குப் பச்சைத் தண்ணீர் விட்டாள். நல்லவேளை, சிவந்ததோடு போயிற்று. என் கையில் துணியைச் சுற்றிக் கட்டினாள்.

பிறகு மூன்று பேரும் ஹாலில் காத்திருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் எழுந்து போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இருக்கும். திரும்பி வந்து உட்காருவேன். மணி நாலரையைத் தாண்டியது. அவள் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டாள்.

"யக்கா, கொஞ்சம் பாப்பாவ உன்னாண்ட உக்கார வெச்சுக்கோ. நான் இங்க மாட்டிக்கினேன்... இல்லக்கா, கதவு பூட்டிக்கினு கீது... அத்த அப்புறம் சொல்றேன்." போனை மடியில் வைத்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சைதாப்பேட்டைல இருந்தப்ப ஒரு சத்தம் குடுத்தா பாப்பா ஓடியாந்துடும். இப்போ நான் செத்தாக்கூட அதுக்குத் தெரிய ராத்திரி ஆயிரும்."

மன்னிச்சுக்கோம்மா என்றேன். என் புருஷனுக்காக மாட்டிய பூட்டால் அவள் குழந்தை அடுத்த வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறது.

அவர் மட்டும் நிம்மதியாக இருந்தார். என்னிடம் மரியாதையாகப் பேசினார். "டீச்சர், உங்களுக்கு சிரமம். என் ஆத்துக்காரி வந்துடுவா. அவ வந்தா எல்லாம் சரி பண்ணிடுவா."

நான் டீச்சர்தான். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். அது அவருக்கு நினைவிருக்கிறது. அந்த டீச்சரைத்தான் தான் கல்யாணம் செய்துகொண்டோம் என்பது எங்கோ விட்டுப்போயிற்று.

"அவ எங்கே போயிருக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல." வாசலைப் பார்த்தார். "ரொம்ப நாழியாச்சு."

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகும்போது கண்ணாடி ஆறியிருந்தது. உள்ளங்கையை முழுதாக வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை. அவளை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பழைய துணிகளைத் தரையில் விரித்து, ஒரு தாம்பாளத்தை மெஷினின் கீழ் மூடிக்கு நேரே வைத்தேன். அந்த மூடிக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. அதை வெளியே இழுத்து அடைப்பை எடுத்தேன். ஒரு சொட்டு வந்தது. நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த ஃபில்டரை ஒரு கால் சுற்று திருப்பினேன். கொஞ்சம் கசிந்தது. இன்னும் கால் சுற்று. தண்ணீரோடு சேர்ந்து வழவழவென்று ஏதோ வெளியே வந்தது. வெந்த ஜவ்வரிசி மாதிரி, கண்ணாடி போன்ற சின்னச் சின்ன உருண்டைகள். தாம்பாளம் நிறைந்ததும் ஃபில்டரை இறுக்கிவிட்டுக் கொட்டிவந்தேன். மறுபடி திருப்பினேன். மறுபடி அந்த ஜவ்வரிசி. விரலால் வழித்து வழித்துப் போட்டேன். முழங்கை விண்விண்ணென்று தெறித்தது. இது என்ன என்று முதலில் புரியவில்லை. சலவைத் தூள் கரையாமல் இப்படி ஆகுமா என்று யோசித்தேன். குழந்தை வளர்த்தவர்களுக்கு உடனே புரிந்திருக்குமோ என்னவோ. எங்களுக்குக் குழந்தை இல்லை.

"அம்மா," என்றாள் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்த அந்தப் பெண். குரல் இறங்கியிருந்தது. "அது டயாபர்மா. ஈரம் ஊறி வெடிச்சா உள்ள இருக்கறது இப்டித்தான் வரும்."

தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகும் கதவு அசையவில்லை. போனில் கம்பெனிப் பெண் சொன்ன வளையத்தைத் தேடினேன். ஃபில்டருக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பிளாஸ்டிக் பட்டை ஒன்று விரலில் தட்டுப்பட்டது. மெதுவாகக் கீழே இழுத்தேன். டொக் என்று ஒரு சத்தம். கதவு தானாக ஒரு விரற்கடை திறந்துகொண்டது.

துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். எல்லாவற்றிலும் அந்த உருண்டைகள் அப்பியிருந்தன. பேண்டுக்குள் பேண்டாக, நான் அவருக்குப் போட்டுவிட்டிருந்த டயாபர், கிழிந்து தொங்கியது. அதோடு முறுக்கிக்கொண்டு அவருடைய சட்டைகள். எல்லாவற்றையும் சுற்றிப் பொதிந்தாற்போல என் புடவை.

அப்போதுதான் அன்று மத்தியானம் நடந்தது எனக்கு விளங்கியது. வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். பேண்ட் போட்டுக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். வாசலுக்குப் போவதற்குள் நனைந்துபோயிருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்ப்பதற்குள் துவைத்துவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே போட்டு, மேலே என் புடவையைப் போட்டு மறைத்து, சூட்டைக் கூட்டி வைத்திருக்கிறார். பிறகு வேறு வேட்டி கட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் சோபாவில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்க்ரூ டிரைவரோடு அவர் திறக்கப் பார்த்தது சாவிக்காக இல்லை. நான் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது என்றுதான் அதுவரை என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். தெரிந்தால்தானே கஷ்டம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று. அப்படி இல்லை. வெட்கம் அப்படியே இருக்கிறது. மற்றதெல்லாம் போய், வெட்கம் மட்டும் தனியாக அவரோடு உள்ளே இருக்கிறது. மெஷினின் முன்னால், அந்த ஈரத் துணிக் குவியலின் நடுவே உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். அவர் காதில் விழக் கூடாது என்று.

சாவியைக் கழுவித் துடைத்து கேட்டைத் திறந்தேன். பூட்டு ரிப்பேர்காரர் யாரும் கிடைக்காமல் வாட்ச்மேன் அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டாள். முதல் படியில் நின்று திரும்பினாள்.

"நாளைலேர்ந்து என்னால முடியாதும்மா. கோச்சுக்காதீங்க. உங்களாலயும் முடியாது. நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

அவள் போனபின் அந்தத் துணிகளைப் பையில் கட்டி, அவர் பார்க்காதபடி கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பேண்ட் நன்றாகத்தான் இருந்தது. அலசினால் போயிருக்கும். அலசுகிற தெம்பு எனக்கு இல்லை.

அடுத்த மாதம் அவரை அடையாறில், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் சேர்த்தேன். என் தம்பி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். காரில் போகும்போது உற்சாகமாக இருந்தார். பாலம் வந்ததும் "கிண்டிக்கு இந்த வழி இல்லையே?" என்று டிரைவரிடம் கேட்டார். "இன்னிக்கு ரூட்டு மாத்தி வுட்டுக்கிறாங்க சார்" என்று டிரைவர் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். இல்லத்தின் வாசலில் என்னிடம் கைகூப்பி, "வரேன் டீச்சர்" என்று உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "போலாமாம்மா?" என்று கேட்டார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்க்கிறேன். நர்ஸ்கள் நல்லவர்கள். துணி மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் ஆண்கள்தான். அவர் அதற்கு ஒத்துழைக்கிறார் என்கிறார்கள். என்னிடம் அவர் ஒத்துழைத்ததில்லை. நான் மாற்ற வந்தால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அது ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

போன வாரம் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அங்கேதான் என் ஆத்துக்காரியும் வேலை பாக்கறா. கணக்கு டீச்சர். தெரியுமோ?"

"தெரியும்," என்றேன்.

வெளியே பார்த்தார். வானம் கறுத்திருந்தது. "மழை வரும்போல இருக்கு. அவ குடை எடுத்துண்டு போக மாட்டா. இங்கே வரேன்னு அலைய வேண்டாம், சித்த சீக்கிரமே கிளம்பி ஆத்துக்குப் போகச் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்று எழுந்துகொண்டேன். பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் நின்றேன். மழை வரவில்லை. பஸ் வந்தது, ஏறினேன்.